எடைக்கேற்ற தண்டனை

மூங்கில்குளத்துக் கரையில் ஒரு மல்யுத்தக் கோதா இருந்தது. அங்கே மூன்று மல்லர்கள். காட்டெருமை மலையாண்டி, காட்டுப்பன்றி உருட்டன், கரடி வேம்பன். மூவருக்கும் தலைவர் ஓர் உடும்பு. உடும்பார் ஒரு நாளும் கோதாவில் இறங்கி மண்ணைத் தொட்டவர் இல்லை. பாறைமேல் படுத்தபடி விதி சொல்வதுதான் அவர் வேலை. அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கிவிடும், பாவம்.

அந்தக் கோதாவில் எல்லாமே எடைப்படிதான் நடக்கும். ஒரு பாறைமேல் நீளமான மரத்தடி குறுக்கே கிடக்கும். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையில் ஏறி நிற்க வேண்டும். யார் பக்கம் தாழ்கிறதோ அவர் பெரியவர். பெரியவர்தான் முதலில் குளிப்பார், முதலில் சாப்பிடுவார். அவர் எழுந்த பிறகு அடுத்தவர் உட்காருவார். கடைசி ஆள் மிச்சத்தைச் சாப்பிடுவான்.

கடைசி ஆள் வேம்பன். அவன் அக்கரை மலையிலிருந்து வந்தவன். அங்கே ஓடை வற்றிவிட்டது. "மல்லனாக இருக்கிறவரை இந்தக் குளத்தில் தண்ணீர் குடிக்கலாம்" என்று உடும்பார் சொன்ன ஒரு வார்த்தையை நம்பித்தான் அவன் கோதாவில் சேர்ந்தான். கோடை முழுக்க அந்தச் சுற்றுவட்டாரத்தில் வற்றாத குளம் அது ஒன்றுதான். குளத்தை விட்டால் அவனுக்கு நாதியில்லை.

எருமையும் பன்றியும் சாப்பிட்டு எழுந்தால் கிழங்குத் தோல்தான் மிஞ்சும். தோலைத் தின்று எந்தக் கரடி பருக்கும்? வேம்பன் நாளுக்கு நாள் மெலிந்தான். மெலிய மெலிய, அவன்தான் கடைசி என்பது இன்னும் உறுதியானது.

பங்குனி பிறந்தது. இலுப்பை மரம் பூத்துக் கொட்டியது. உதிர்ந்த பூ ஈரத்தில் ஊறினால் தலையைக் கிறுகிறுக்க வைக்கும். போதையில் மோதினால் எதிராளியின் கழுத்து முறியும் என்பதால், மல்லர்கள் அந்தப் பூவைத் தொடக்கூடாது என்று விதி இருந்தது. நல்ல விதிதான். யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் மூன்று பேருமே தின்றார்கள். மலையாண்டி கும்மாளத்துக்காகத் தின்றான். உருட்டன் மலையாண்டியோடு மோதப் பயந்து, தைரியத்துக்காகத் தின்றான். வேம்பன் பசிக்காகத் தின்றான்.

அன்றைக்குப் போட்டியில் மலையாண்டி தள்ளாடி, கோதாவைத் தாண்டிப் போய், வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த காட்டுக்கோழியின் கூட்டின்மேல் விழுந்தான். முட்டைகள் நொறுங்கின. கோழி கதறிய கதறலில், வேறு வழியில்லாமல் உடும்பார் கீரியைக் கூப்பிட்டார்.

"எல்லார் வாயையும் மோந்து பாருய்யா."

கீரிக்கு மூக்கு உண்டு, நாக்கில் பொய் கிடையாது. மூன்று வாயையும் மோந்து பார்த்தது.

"மூணு வாயிலயும் இலுப்பைப் பூ வாடை அடிக்குதுங்க" என்றது.

உடும்பார் கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தார். பிறகு மலையாண்டியைப் பார்த்தார்.

"மலையாண்டி, நீ பெரிய மல்லன். உன் பேர் நாலு காட்டுக்குத் தெரியும். இப்படி ஆயிடுச்சேங்கிற வெட்கமே உனக்குப் பெரிய தண்டனை. எல்லாருக்கும் ஒரு கும்பிடு போட்டுட்டுப் போய்ச் சாப்பிடு."

மலையாண்டி ஒரு கும்பிடு போட்டான். போடும்போது ஏப்பமும் விட்டான்.

"உருட்டா, நீ அடுத்த போட்டியில இறங்க வேண்டாம். ஓரமா உக்காந்து பாரு."

உருட்டனுக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். அடுத்த போட்டி மலையாண்டியோடுதான்.

"வேம்பா, நீ பொழுது சாயறதுக்குள்ள குளத்தை விட்டே போயிடணும்."

வேம்பன் ஓர் அடி முன்னே வந்தான். "ஐயா, மூணு பேரும் ஒரே மரத்துப் பூவைத்தானே தின்னோம்? நான்தான் கொஞ்சமா தின்னேன். கடைசி ஆளுக்குப் பூ கூட மிச்சம்தானே கிடைக்குது?"

"கணக்குத் தெரியாம பேசாதே. மலையாண்டி உடம்புக்கு அந்தப் பூ ஒரு துளி. உன் உடம்புக்கு அது ரொம்ப ஜாஸ்தி. எடை கூடக்கூடக் குற்றம் குறையும். எடை குறையக்குறையக் குற்றம் கூடும்."

"நல்லாச் சாப்பிட்டா எனக்கும் எடை கூடுமே, ஐயா."

"கூடட்டும். கூடினதும் வா. முன்னாடி சாப்பிடலாம்."

"கோழிக் கூட்டுல விழுந்தது நான் இல்லையே?"

"அது விளையாட்டு உற்சாகம். அதையும் இதையும் போட்டுக் குழப்பாதே."

உருட்டன் குறுக்கே வந்தான். "ஐயா சொல்றதுதான் நியாயம். ஒருத்தனைத் துரத்தினாத்தானே மத்தவங்களுக்குப் புத்தி வரும்?" மற்றவர்கள் என்று அவன் யாரைச் சொன்னான் என்று யாரும் கேட்கவில்லை.

வேம்பன் குளத்தைப் பார்த்தான். "போறேன் ஐயா. வழியில தண்ணி இல்ல. ஒரு வாய் குடிச்சிட்டுப் போகட்டுமா?"

"மல்லனா இருக்கிறவரைதான் தண்ணி. தீர்ப்புச் சொல்லியாச்சு. முன்னாடியே குடிச்சிருக்கணும்."

வறண்ட தொண்டையோடு கரடி காட்டுக்குள் நடந்தது. எனக்குச் சொல்லும்போதே வயிறு எரிகிறது. ஆனால் கோதாவில் எல்லாரும் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். ஒழுக்கம் காப்பாற்றப்பட்டுவிட்டதாம்.

மறுநாள் சாப்பாட்டு நேரம். மலையாண்டி முதலில் உட்கார்ந்தான். உருட்டன் அடுத்து உட்காரப் போனான். பார்த்தால் தோல்தான் கிடந்தது. வேம்பன் போன பிறகு கிழங்கு கொண்டுவர ஒரு ஆள் குறைந்துவிட்டான். இதுவரை பெரும்பாலான கிழங்கைச் சுமந்து வந்தது யார் என்று உருட்டனுக்கு அப்போதுதான் உறைத்தது.

தோலைத் தின்று உருட்டன் இளைத்தான். வயிற்றைக் கிள்ளும்போதெல்லாம் இலுப்பை மரத்தடிக்குப் போனான். மலையாண்டியும் அங்கே ஏற்கெனவே இருப்பான். ஒரு கும்பிடுதானே தண்டனை? அதற்குப் பயந்து யார் பூவை விடுவார்கள்?

கீரி மறுபடியும் மோந்து பார்த்தது. இரண்டு வாயிலும் வாடை. இருவரையும் தடியில் ஏற்றினார்கள். உருட்டன் பக்கம் வானத்துக்குப் போனது.

"உருட்டா, பொழுது சாயறதுக்குள்ள போயிடு" என்றார் உடும்பார்.

"ஐயா, நான் வேம்பன் இல்லையே! உருட்டன். நம்ம ஊர்க்காரன். போன தடவை என்னை ஓரமாத்தானே உக்காரச் சொன்னீங்க?"

"போன தடவை நீ நடு ஆள். இப்ப நீ கடைசி ஆள். விதி மாறலே, நீதான் மாறிட்டே."

உருட்டனும் போனான். மலையாண்டி ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான்.

சித்திரைத் திருவிழா வந்தது. நாலு காட்டிலிருந்தும் விலங்குகள் வந்து கோதாவைச் சுற்றிக் கூடின. மலையாண்டி மட்டும் நடுவில் நின்றான். மோத ஆள் இல்லை. பூவை நன்றாகத் தின்றுவிட்டு வந்திருந்ததால் அவனுக்கு நேராக நிற்கவும் முடியவில்லை. கூட்டின் பக்கமாக அவன் சாய்ந்ததுமே காட்டுக்கோழி கத்தியது. கீரியை அழைக்க வேண்டியதே இல்லை, கூட்டத்துக்கே வாடை அடித்தது.

"தண்டனை என்ன?" என்று கூட்டம் கேட்டது.

"ஒரு கும்பிடு. பெரிய ஆளுக்கு அவ்வளவுதான்" என்றார் உடும்பார்.

"யாரைவிடப் பெரிய ஆள்?" என்று கேட்டது கோழி. "தடியில ஏத்திக் காட்டுங்க."

மலையாண்டி ஒரு முனையில் ஏறினான். மறுமுனையில் நிற்க யாரும் இல்லை.

"இருக்கிற மல்லர்களிலே இவன்தான் கடைசி ஆளும்கூட" என்றது கோழி. "கடைசி ஆளுக்கு என்ன தண்டனைன்னு ரெண்டு தடவை சொல்லிட்டீங்க. மூணாவது தடவையும் சொல்லுங்க."

உடும்பார் கீரியைத் தனியே கூப்பிட்டார். "ஓடிப் போய் வேம்பனைக் கூட்டிட்டு வா. பழையபடி தண்ணி குடிக்கலாம்னு சொல்லு. தடியில வந்து நின்னாப் போதும்."

கீரி தேடிப் போனது. வறண்ட ஆற்று மணலை நகத்தால் தோண்டி வேம்பன் ஒரு ஊற்று எடுத்திருந்தான். உருட்டன் அதில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தான். வேம்பன் பக்கத்தில் நின்று காத்திருந்தான்.

"அவன் முன்னாடி குடிக்கிறானே?" என்றது கீரி.

"அவனுக்குத்தான் தாகம் அதிகம்" என்றான் வேம்பன்.

கீரி செய்தியைச் சொன்னது. வேம்பன் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "பூவைத் தின்னது என் தப்புதான், கீரியண்ணே. உருட்டனுக்குக் கொடுத்த தண்டனையை எனக்கும் கொடுத்திருந்தா, ஓரமா உக்காந்திருப்பேன். இப்ப என்னைக் கூப்பிடறது மன்னிக்கவா?"

கீரிக்குப் பொய் வராது. "இல்ல. மலையாண்டியை மன்னிக்க."

"அப்ப நான் வரலேன்னு சொல்லிடு. போறதுக்கு முன்னாடி நீயும் ஒரு வாய் குடிச்சிட்டுப் போ. வழியில தண்ணி இல்ல."

கீரி குடித்தது. அப்புறம் திரும்பிப் போகவே இல்லை.

காத்திருந்து காத்திருந்து கூட்டம் கலைந்தது. வேறு வழி தெரியாமல் உடும்பார் மலையாண்டிக்கு இரண்டு தண்டனையும் கொடுத்தார். அவன் ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் குளத்தை விட்டுப் போனான். உடும்பார் மட்டும் பாறைமேல் படுத்திருந்தார். விதி அப்படியே இருந்தது. கேட்கத்தான் யாரும் இல்லை.

குற்றத்தை விட்டுவிட்டு ஆளை எடைபோட்டுத் தண்டிக்கிற இடத்தில், இன்றைக்குத் தப்பித்தவன் நாளைக்கு மாட்டுவான். நியாயம் மட்டும் என்றைக்குமே அங்கே இருக்காது.