மூன்று அலகும் மூன்று புள்ளியும்

கணினியின் கருந்திரைக்குள் ஆறு ஓடி, பறவைகள் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், ஆற்றின் மேல் நேராக நீண்டிருந்த ஒரு கிளைக்குக் கட்டளை வரி என்று பெயர். அதில் மூன்று மீன்கொத்திகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும்: அக்கா நீலாயி, அவளுடைய இரண்டு தம்பிகள். யார் எதைக் கேட்டாலும், கேட்ட நொடியில் அலகால் தண்ணீரைக் குத்தி எடுத்துக் கொடுப்பதுதான் அவர்கள் வேலை. இரண்டும் மூன்றும் எவ்வளவு என்று கேட்டு வாய் மூடுவதற்குள் ஐந்து வந்து விழும். எள் என்றால் எண்ணெயாக நிற்பார்கள். அதனால் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஒரு நாள் வெள்ளம் வந்தது. அப்பப்பா, அது வெள்ளமா! முழு மரங்கள் உருண்டு வந்தன. மீன்கொத்தி எங்கே முட்டையிடும்? கரை மண்ணைக் குடைந்த பொந்தில்தானே! அங்கே நீலாயியின் குஞ்சுகள் இறக்கை முளைக்காமல் கிடந்து கத்தின. கரை நெடுகப் பொந்துகள், எல்லாவற்றிலும் குஞ்சுகள்.

அந்தக் கிளையில் கூடு கட்டியிருந்த தூக்கணாங்குருவி வஞ்சி ஓடிவந்தாள்.

“அக்கா, இத்தனை குஞ்சுகளையும் காப்பாத்த நிறையப் படகு வேணும். ஒவ்வொரு படகுக்கும் தனித்தனியா விவரம் சொல்லிக்கிட்டு இருந்தா ஆறு நமக்காக நிக்காது. படகுன்னா என்ன, அது என்னென்ன செய்யும்னு ஒரே தடவை சொல்லிடறேன். அதுதான் வகுப்பு. அப்புறம் பேரைச் சொன்னாப் போதும், கேக்கக் கேக்க வரும்.”

“வளவளன்னு பேசாதடி! சொல்லு, என் புள்ளைங்க கத்துது!”

“வகுப்பு, படகு...”

அவ்வளவுதான், மூன்று அலகும் பாய்ந்தன! படகு வந்தது. ஆனால் மிதக்க வேண்டும் என்று அதற்கு யார் சொன்னார்கள்? கல்லைப் போல மூழ்கியது.

“அது மிதக்கும்...” என்று பதறினாள் வஞ்சி.

எது மிதக்கும்? படகுதான் போய்விட்டதே. கண்ணில் பட்டதை மிதக்க விட்டார்கள் மூவரும். வஞ்சியின் கூடு கிளையிலிருந்து அறுந்து ஆற்றோடு போனது. நல்லவேளை, காலிக் கூடு.

“ஐயோ, என் கூடு! பாதிப் பேச்சுல பாயாதீங்க அக்கா!”

“கேட்டதும் செய்யறதுதானடி எங்க பொழப்பு!”

“நான் வகுப்புன்னு ஆரம்பிச்சா அலகை இறக்கைக்குள்ள சொருகிக்கங்க. கேட்டுக்கிட்டே இருங்க. செய்யாதீங்க.”

“நீ முடிச்சது எனக்கு எப்படித் தெரியும்?”

“ஒரு மூச்சு நேரம் ஒண்ணுமே சொல்ல மாட்டேன். அதுதான் முடிவு.”

தண்ணீர் பொந்தின் வாயைத் தொட்டுவிட்டது. இருந்தும் நீலாயி அலகை இறக்கைக்குள் சொருகினாள். தம்பிகளும் சொருகினார்கள். பக்கவாட்டில் ஆளுக்கு ஒன்றாக, வெளியே தெரிந்தவை மூன்று கண்கள் மட்டும்.

“வகுப்பு, படகு. அது மிதக்கும்.”

குஞ்சு ஒன்று வீறிட்டது. நீலாயி தன் இறக்கையையே கடித்துக்கொண்டாள்.

“அது சுமக்கும். மேட்டுக்குப் போய்ச் சேரும்.”

பிறகு வஞ்சி எதுவும் சொல்லவில்லை. அந்த ஒரு மூச்சு எவ்வளவு நீளம், தெரியுமா! மூன்று அலகும் வெடுக்கென்று வெளியே வந்தன. ஆற்றில் ஒன்றையும் காணோம்.

“அடிப்பாவி, ஒண்ணுமே வரலையே!”

“வராது அக்கா. படகுன்னா என்னன்னு இப்பத்தான் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. இனிமே கேளுங்க!”

“படகு!” என்று அலறினாள் நீலாயி.

வந்தது! மிதந்தது! நேராக அவள் பொந்துக்குப் போய்க் குஞ்சுகளை அள்ளிச் சுமந்துகொண்டு மேட்டுக்கு விரைந்தது. “படகு! படகு! படகு!” என்று தம்பிகளும் கத்த, கரை முழுக்கப் படகுகள்! பதறாத காரியம் சிதறாது என்பார்களே, அதை அன்றைக்குக் கண்ணால் பார்க்க முடிந்தது. ஒரு குஞ்சுகூடச் சாகவில்லை. மீன்கொத்திகள் தங்கள் தலைக்கனத்தை விட்டு, வஞ்சிக்குப் புதுக் கூடு கட்ட நார் பொறுக்கிக் கொடுத்தார்கள்.

அன்று முதல்தான், பைத்தான் என்னும் கணினி மொழியின் கட்டளை வரியைத் திறந்தால் >>> என்று மூன்று அலகுகள் பாயக் காத்திருக்கின்றன. ஒரு வகுப்பையும், அது செய்யும் வேலைகளான மெத்தடுகளையும் சொல்லத் தொடங்கினால், ... என்று மூன்று புள்ளிகளாக மூன்று கண்கள் மட்டும் உங்களைப் பார்க்கின்றன. வஞ்சி விட்ட அந்த ஒரு மூச்சைப் போல நீங்கள் ஒரு வரியைக் காலியாக விடும்வரை, நீலாயி தன் இறக்கையைக் கடித்துக்கொண்டே காத்திருக்கிறாள்.