வெறும் நிலைக்கால்

"கதவு நிலைக்கால்ல சாய்வா ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதெல்லாம் யூதனுங்க வீடு."

"இருட்டுல எப்படித் தெரியும்?"

"தடவிப் பாரு. கையில தட்டும்."

சந்தைக் கடையில் செலிக்குக்கு முன்னால் நின்ற இரண்டு பேர் பேசிக்கொண்டது இது. இருவரும் வெளியூர்க்காரர்கள். கோடரிக்குப் புதுக் காம்பு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செலிக் உப்பு வாங்காமலே திரும்பினார்.

ஜன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்துவது அவர் தொழில். உடையக்கூடியதைச் சுமந்து மெதுவாக நடந்தே பழகியவர். அன்றைக்கு ஓடினார்.

அந்த ஊர் யூதர்களுக்கு ரப்பி அவிக்தோர்தான் குரு. செலிக்கைவிட வயதில் மிகவும் சின்னவர். தனி ஆள். வாசலில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார்.

"ரப்பி, அதைக் கழட்டலாமா?"

"முதல்ல மூச்சு விடுங்க. எதை?"

செலிக் ரப்பியின் நிலைக்காலைக் காட்டினார்.

அங்கே விரல் நீளத்தில் ஒரு மரப்பெட்டி. மெசூசா என்பார்கள். உள்ளே ஒரு தோல் சுருள். 'இஸ்ரவேலே கேள், நம் இறைவன் ஒருவரே' என்று அதில் எழுதியிருக்கும். அது இல்லாத யூத வீடு கிடையாது. வீட்டுக்குள் போகும்போதும் வெளியே வரும்போதும் அதைத் தொட்டு, தொட்ட விரலை முத்தமிட்டுக்கொள்வார்கள்.

கடையில் கேட்டதைச் செலிக் சொன்னார்.

ரப்பியின் கத்தி நின்றது.

"வீட்டுல யாரு யாரு?"

"என் வீட்டுக்காரி ஃப்ரூமா. பொண்ணு தோபா. அவளுக்கு நிறைமாசம்."

"அப்ப இங்க ஏன் நிக்கறீங்க? போய்க் கழட்டுங்க. தெருவுல எல்லாருக்கும் சொல்லிட்டே போங்க."

செலிக் நகரவில்லை.

"உள்ளே ஆண்டவர் பேர் எழுதியிருக்கே."

"எழுதியிருக்கு."

"கழட்டினா அவர் வீட்டைவிட்டுப் போயிடுவாரோன்னு..."

"பெட்டி எவ்வளவு பெரிசு?"

செலிக் விரலைக் காட்டினார்.

ரப்பி அந்த விரலைப் பார்த்தார். அதற்கு மேலே இருந்த வானத்தைப் பார்த்தார். மறுபடி விரலைப் பார்த்தார்.

செலிக் விரலை மடக்கிக்கொண்டார்.

"வாசல்ல எழுதி வைன்னு சொன்னது அவர்தான்," என்றார் ரப்பி. "உயிர் போற நேரத்துல மத்ததை விட்டுட்டு உயிரைக் காப்பாத்துன்னு சொன்னதும் அவர்தான். சொன்னது ரெண்டு பேர் இல்லை."

"அப்புறம் ஏன் எனக்குக் கை நடுங்குது?"

ரப்பி தன் கையிலிருந்த கிழங்கை நீட்டினார். தோலோடு சேர்ந்து பாதிக் கிழங்கு போயிருந்தது.

"எனக்கு மட்டும் என்னவாம்?"

வீட்டில் ஃப்ரூமா வாசலை மறித்து நின்றார்.

"இத்தனை வருஷமா இருந்தது. பொண்ணுக்கு வலி எடுக்கப்போற நேரமாப் பாத்துக் கழட்டுறீங்களே. யாரை நம்பி அவ பெத்துக்குவா?"

"ரப்பி சொல்லிட்டார்."

"அவருக்கென்ன, பிள்ளையா குட்டியா?"

செலிக் தட்டைக் கத்தியைக் கொடுத்து நெம்பினார். பெட்டி கையோடு வந்தது. ஆனால் பழுப்பேறிய மரத்தில் பெட்டி இருந்த இடம் மட்டும் வெளுப்பாக, சாய்வாகத் தெரிந்தது. தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியும். அடுப்புக் கரியைக் கொண்டுவந்து தேய்த்தார். மரம் முழுக்கக் கறுப்பாகும்வரை தேய்த்தார்.

அப்போது சாம்பல் கொட்ட தோபா வெளியே வந்தாள். வாசலைத் தாண்டும்போது அவள் கை தானாக எழுந்தது. வெறும் மரத்தைத் தொட்டது. உதட்டுக்குப் போனது.

உதட்டில் கரி.

செலிக் கரியைக் கீழே போட்டார். தெருவைப் பார்த்தார். யாரும் இல்லை. அந்த நேரத்துக்கு யாரும் இல்லை.

"கையைக் கட்டி வையுடி!" என்று மகளை உள்ளே இழுத்தார் ஃப்ரூமா. தலைத்துணி நுனியால் அவள் உதட்டை அழுத்தித் துடைத்தார். எவ்வளவு துடைத்தும் கறுப்பு கொஞ்சம் தங்கிவிட்டது.

எழுதிய சுருளைக் கண்ட இடத்தில் போட முடியாது. செலிக் அதைத் துணியில் சுற்றிக்கொண்டு மறுபடி ரப்பியிடம் போனார்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தெருவில் எல்லா நிலைக்கால்களும் வெறுமையாக இருந்தன. யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ரப்பியின் ரொட்டி டப்பா நிறைய மற்றவர்கள் கொண்டுவந்த சுருள்கள். அவருடைய கதவில் மட்டும் பெட்டி இருந்தது.

"நீங்க கழட்டலையா?"

"இல்லை."

"ஊருக்கெல்லாம் சொன்னீங்களே!"

"தடவிப் பாக்க வர்றவன் கையில ஏதாவது ஒண்ணு தட்டணும். எதுவுமே தட்டலைன்னா எல்லாக் கதவையும் உடைப்பான்."

செலிக் தன் சுருளையும் டப்பாவில் வைத்தார்.

"அந்தக் கட்டளை உங்க உயிருக்கும் சேத்துத்தானே?"

"சேத்துத்தான்." ரப்பி சிரிக்கப் பார்த்தார். "உங்களுக்கு நாளைக்கு நல்ல வியாபாரம். ஊர் முழுக்கக் கண்ணாடி மாத்தணும்."

செலிக் சிரிக்கவில்லை.

"ரப்பி, என் பொண்ணு வெறும் கட்டையைத் தொட்டு முத்தம் வெச்சா. நான் பாத்தேன்."

"யாருக்கு வெச்சா?"

பாலத்துப் பக்கமிருந்து வண்டிச் சத்தம் கேட்டது. நிறைய வண்டிகள்.

செலிக் ரப்பியின் கதவைப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார்.

"வேண்டாம்," என்றார் ரப்பி.

செலிக் பெட்டியை நெம்பி எடுத்தார். பின்பக்கம் திறந்து சுருளை உருவி ரொட்டி டப்பாவில் வைத்தார். காலிப் பெட்டியை அதே இடத்தில், அதே சாய்வில் வைத்து, கத்திப் பிடியால் ஆணியை அடித்து இறக்கினார்.

"அதுக்குள்ள ஒண்ணும் இல்லையே," என்றார் ரப்பி.

"வீட்டுக்குள்ளயும் ஒண்ணும் இருக்காது. நடங்க."

"செலிக்..."

"நடங்க ரப்பி. டப்பாவை நீங்க எடுத்துக்குங்க."

செலிக் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனார். டப்பாவை மார்போடு அணைத்தபடி ரப்பி பின்னால் வந்தார். வண்டிகள் பாலத்தைத் தாண்டியிருந்தன.

செலிக் வீட்டுக் கதவைத் திறந்தது ஃப்ரூமா. ரப்பியைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் ஒதுங்கி வழிவிட்டார்.

வாசலைத் தாண்டும்போது ரப்பியின் கை பாதி எழுந்தது. அந்தரத்தில் நின்றது. கீழே இறங்கிவிட்டது.

உள்ளே தோபா முனகினாள். வலி தொடங்கியிருந்தது.

ஃப்ரூமா தலையை மட்டும் வெளியே நீட்டித் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். கரி பூசிய நிலைக்காலைத் தொட்டார். விரலை உதட்டில் வைத்தார். பிறகு கதவைச் சாத்தித் தாழிட்டார்.