சுருளாயி கட்டிய முள் நகை

அந்தக் காலத்தில், பூச்சி புழுவெல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, கருவேல மரத்துப் புழுக்கள் வெற்றுடம்போடுதான் திரிந்தன. அவற்றில் சுருளாயி என்றொரு புழு இருந்தாள். நகை செய்வது அவள் தொழில். முள், சுள்ளி, காய்ந்த பட்டை இவற்றைத் தன் வாயில் ஊறும் நூலால் கட்டி அட்டிகை, கொலுசு என்று விதவிதமாகச் செய்வாள். பொன்வண்டின் இறகை வைத்து மினுக்கும் வேலையைக் கண்டாலே அவளுக்கு ஆகாது.

"மினுக்குறதை யாரும் போட்டுக்கலாம். என் நகையைப் பார்த்தா நாலு பேரு யோசிக்கணும்" என்பாள்.

யோசிக்கத்தான் செய்தார்கள். "இது நகையா, வேலியா?" என்று ஓணான் யோசித்தது. அட்டிகை வாங்கிப் போன அணில் மாடத்தி, கழுத்தைத் திருப்ப முடியாமல் அரை நாள் கிழக்கையே பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு நூலைக் கடித்து அறுத்து, நகையைத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

"கழட்டி மாட்ட ஒரு கொக்கி வைக்கக் கூடாதா தாயி?"

"என் நகையைப் போட்டவளுக்குக் கழட்ட மனசு வராது. கொக்கி எதுக்கு?"

மாடத்தி மகளுக்குக் கல்யாணம் வந்தது. காடே கூடும். அங்கே தன் நகை ஓர் உடம்பிலாவது ஏற வேண்டும், இல்லையென்றால் தொழிலையே விட்டுவிட வேண்டியதுதான் என்று சுருளாயி எல்லாரிடமும் கெஞ்சிப் பார்த்தாள். யாரும் இணங்கவில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு அல்லவா? "நானே போட்டுக்கிறேன்" என்று, செய்ததையெல்லாம் கழுத்து முதல் வால்வரை ஈர நூலால் தன் மேலேயே கட்டிக்கொண்டாள். நூல் காய்ந்து இறுகியது. கழற்றக் கொக்கி இல்லை. கல்யாணத்துக்குப் புறப்பட்டவள் பாரம் தாங்காமல் பாதிக் கிளையிலேயே தொங்கிப்போனாள்.

அந்த நேரம் பார்த்து இரண்டு மைனாக்கள் வந்து உட்கார்ந்தன.

"ஏங்க, இங்க கொழுத்த புழு ஒண்ணு ஊர்ந்துச்சே?" என்றது பெண் மைனா.

ஆண் மைனா சுருளாயியைக் கொத்திப் பார்த்தது. அலகில் முள் குத்தியது. "புழு இல்லடி. வெறும் சுள்ளி."

உள்ளே சுருளாயிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மைனாக்கள் அதோடு விட்டிருக்கலாம்.

"கூடு கட்டவாவது ஆகுமா?"

"ம்ஹும். கட்டின லட்சணத்தைப் பாரு. வேலை தெரியாத எவளோ கட்டினது."

சுருளாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று தலையை நீட்டினாள். எதிரே மஞ்சள் அலகு. பேசினால் உயிர் போகும், பேசாவிட்டால் மானம் போகும். தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, வாய்வரை வந்ததை விழுங்கினாள். அவ்வளவு கசப்பான எதையும் அவள் அதுவரை தின்றதில்லை.

மைனாக்கள் பறந்ததும் மரத்துப் புழுக்களெல்லாம் அவளைச் சூழ்ந்துகொண்டன.

"அக்கா, எங்களுக்கும் இதே மாதிரி கட்டித் தா. இதே கண்ராவியா இருக்கணும். கொஞ்சம்கூட அழகுபடுத்திராதே."

சுருளாயி அழுதாள். அழுதுகொண்டே தலையை மட்டும் நீட்டி முதல் ஆளுக்கு அளவெடுத்தாள்.

அன்று முதல்தான் கருவேல மரத்துப் புழுக்கள் சுள்ளியும் முள்ளும் பூட்டிக்கொண்டு கிளையில் தொங்குகின்றன, கிட்டே போய் "இதென்ன விறகுக்கட்டு?" என்று யார் கேட்டாலும், சட்டென்று தலையை உள்ளே இழுத்து வாயை மூடிக்கொள்கின்றன.