அல்லிக்குளத்து ஐந்து தலைவர்கள்

நார்வே நாட்டில் பெரியவர்கள் சிலர் ஒருநாள் கூடி, உலகத்தைக் காப்பாற்றும் வேலையை உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் ஒப்படைத்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். தங்களுக்கு வயதாகிவிட்டது என்று காரணம் சொன்னார்கள். பன்னாட்டு இளையோர் பசுமை மன்றம் என்று ஒன்றைத் தொடங்கி, நாற்பத்திரண்டு விதிகள் கொண்ட கையேடு எழுதி, அதைப் பத்தொன்பது மொழிகளில் பெயர்த்து, ஊர் ஊராகப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். அதில் ஒரு பிரதி நார்த்தம்பட்டி உயர்நிலைப் பள்ளிக்கு வந்து சேர்ந்தது. நார்த்தம்பட்டியைப் பற்றி அவர்கள் யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டார்கள்.

கையேடு அறிவியல் ஆசிரியர் திருமேனியின் மேசைக்குப் போனது. அட்டையிலேயே கொட்டை எழுத்தில், "இக்கையேட்டை வரி பிசகாமல் பின்பற்றும் குழு, ஆசிரியருடன் நார்வே மாநாட்டுக்கு அழைக்கப்படும்" என்று போட்டிருந்தது.

அதைப் படித்ததும் திருமேனிக்கு நினைவு வந்தது நார்வே அல்ல; மனைவியின் அண்ணன் சௌந்தரபாண்டியன்தான். சௌந்தரபாண்டியன் எட்டு வருடம் குவைத்தில் இருந்து திரும்பியவர். திரும்பியதும் பெரிய தெருவில் மூன்று மாடி வீடு கட்டி, உச்சியில் தண்ணீர்த் தொட்டியை விமான வடிவத்தில் சிமெண்டால் செய்து வைத்திருந்தார். எந்த விசேஷத்திலும் பந்தி முடிவதற்குள் ஒருமுறை சொல்லிவிடுவார்: "நம்ம மாப்பிள்ளை நெசமான பிளேனும் அண்ணாந்துதான் பாத்திருக்காரு, என் வீட்டு பிளேனும் அண்ணாந்துதான் பாக்குறாரு." பந்தி முழுக்கச் சிரிக்கும். திருமேனியும் சிரிப்பார். சிரிக்கும்போது சோறு இறங்காது.

ஒரே ஒரு தடவை, நிஜ விமானத்தில் உட்கார்ந்து, அந்தச் சிமெண்டு விமானத்தைக் குனிந்து பார்க்க வேண்டும். திருமேனி வாழ்க்கையில் வேறு எதையும் இவ்வளவு விரும்பியதில்லை. அன்றே ஒரு குரங்குக் குல்லாய் வாங்கி வைத்துவிட்டார்.

குழுவுக்கு நான்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார். கணீரென்று வாசிக்கும் சுடர்க்கொடி, எதற்கும் சந்தேகம் கேட்கும் பிலோமினா, பள்ளியிலேயே உயரமான கலீல், எந்தச் சந்தேகத்துக்கும் பதில் வைத்திருக்கும் வேம்பரசன்.

முதல் விதி: "ஒரு விதியைச் செய்து முடித்த பின்னரே அடுத்த விதியைப் படிக்கவும்." படித்ததும் சுடர்க்கொடி கையேட்டைப் பட்டென்று மூடினாள். தவறி இரண்டாம் விதி கண்ணில் பட்டுவிடுமோ என்று பயம்.

மூன்றாம் விதியில் சிக்கல் வந்தது. "குழுவில் ஒவ்வொருவரும் தலைவரே. தலைவர் ஒருபோதும் பிறர் பின்னால் செல்வதில்லை."

"அப்ப நானு?" என்றார் திருமேனி.

"நீங்களும் தலைவர்தான் சார்."

"நான் மூத்த தலைவரா?"

சுடர்க்கொடி வரியை விரலால் தடவிப் பார்த்தாள். "மூத்தன்னு போடலை சார்."

குளத்துக்குப் போக வேண்டும். அல்லிக்குளத்தின் கரையோ ஒற்றையடிப் பாதை. ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். ஐந்து தலைவர்களும் கரையின் தொடக்கத்தில் முக்கால் மணி நேரம் நின்றார்கள். ஓர் எருமை அவர்களைத் தாண்டிப் போய், தண்ணீர் குடித்து, திரும்பியும் வந்துவிட்டது.

"சார், எல்லாரும் குளத்தைப் பாத்துத் திரும்பி நிப்போம்" என்றான் வேம்பரசன். "இப்ப யாரு பின்னால யாரு? யாருமில்ல. பக்கத்துல பக்கத்துல நிக்கிறோம். அப்படியே பக்கவாட்டுல நகந்தா ஆச்சு."

அன்றிலிருந்து நார்த்தம்பட்டி பசுமை மன்றம் கரையில் நண்டு போலத்தான் நடந்தது. பார்த்தவர்கள், நார்வேயில் இப்படித்தான் நடப்பார்கள் போலிருக்கிறது என்று மரியாதையாக ஒதுங்கினார்கள்.

ஏழாம் விதி: "கூட்டத்தில் மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்து பின்னர் பேசவும்." வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பாடவேளையும் ஐவரும் வட்டமாக உட்கார்ந்து காத்திருந்தார்கள். எட்டிப் பார்த்த தலைமையாசிரியை, தன் பணிக்காலத்தில் இவ்வளவு ஒழுங்கான கூட்டத்தைக் கண்டதில்லை என்று பார்வையாளர் குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போனார்.

பிறகு பன்னிரண்டாம் விதி வந்தது. நீர்நிலையில் கிடக்கும் ஒவ்வொரு குப்பைக்கும் எண் கொடுத்து, அது கிடக்கும் இடத்தை வரைபடத்தில் குறிக்க வேண்டும். ஆறு நாள் வேலை. செருப்பு, பிளாஸ்டிக் பை, உடைந்த நாற்காலி, அடியில்லாத வாளி என்று எண்ணி முடித்தபோது முந்நூற்றுப் பதினேழு தேறியது. எது எந்தத் திசையைப் பார்த்துக் கிடக்கிறது என்பதைக்கூடக் கலீல் அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தான்.

பதின்மூன்றாம் விதி, எல்லாக் குப்பையையும் அகற்றச் சொன்னது. அகற்றினார்கள். நாற்பது சாக்கு நிறைந்தது. குளம் பளிச்சென்று ஆனது. எங்கிருந்தோ ஒரு மீன்கொத்தி வந்து கருவேலங்கிளையில் உட்கார்ந்து, இந்த ஊரா இது என்பது போலப் பார்த்தது. திருமேனிக்குக் கண் கலங்கியது. விமானத்தின் படிக்கட்டு வரை வந்துவிட்டதாகத் தோன்றியது.

"அடுத்த விதியைப் படிம்மா."

சுடர்க்கொடி படித்தாள்: "பணி முடிந்து திரும்பும்போது, அந்த இடம் நீங்கள் வந்தபோது எப்படி இருந்ததோ, அப்படியே விட்டுச் செல்லவும்."

ஐவரும் குளத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நாம வந்தப்ப எப்படிப்பா இருந்துச்சு?" என்று மெதுவாகக் கேட்டார் திருமேனி.

"குப்பையா இருந்துச்சு சார்" என்றான் கலீல்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"முந்நூத்திப் பதினேழு குப்பையா இருந்துச்சு சார்."

"அப்ப எதுக்கு சார் எடுக்கச் சொன்னாங்க?" என்றாள் பிலோமினா.

வேம்பரசன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். "உங்க வீட்டுல பீரோ துடைக்கிறப்ப என்ன பண்ணுவாங்க? உள்ள இருக்கிறதை எல்லாம் எடுத்து வெளிய வெப்பாங்க. துடைச்சதும் திருப்பி உள்ளதான வெக்கிறாங்க? தெருவுலயா வீசுறாங்க?"

திருமேனி தொடையில் தட்டிக்கொண்டார். "அதானே! எடுக்கிறதுக்கு முன்னாடியே எதுக்கு வரைபடம் போடச் சொன்னாங்கன்னு இப்பத்தான் விளங்குது. என்ன மூளை பாரு நார்வேக்காரனுக்கு!"

எடுத்து வைத்ததைவிடத் திருப்பி வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. பதினெட்டாம் எண் செருப்பு வடமேற்கைப் பார்த்ததா, மேற்கைப் பார்த்ததா என்பதிலேயே ஒரு மதியம் போனது. இருநூற்றெட்டாம் எண்ணான அடியில்லாத வாளியை டீக்கடை ராக்கம்மாள் எடுத்துப் போய், கறிவேப்பிலைக் கன்றைச் சுற்றி அரணாகக் கவிழ்த்திருந்தாள். கெஞ்சிப் பார்த்தார்கள். "போங்கடா, வாத்தியாரும் புள்ளைகளும்! குப்பையைக் குடுன்னு கேக்க வந்துட்டாங்க" என்று விரட்டிவிட்டாள். ஐவரும் பாத்திரக் கடைக்குப் போனார்கள்.

"அடியில்லாத வாளி இருக்குங்களா?"

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அடி உள்ளதுதான் சார் வருது இப்பல்லாம்."

"பரவாயில்ல, குடுங்க. நாங்க பாத்துக்கிறோம்" என்று புது வாளி வாங்கி, வாசலிலேயே உட்கார்ந்து அடியைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

தொண்ணூற்று நான்காம் எண் மிகவும் படுத்தியது. அது ஒரு குளிர்பானப் புட்டி. தண்ணீரில் மிதப்பது. காற்று அடிக்கும் பக்கமெல்லாம் ஓடியது. கடைசியில் வரைபடத்தில் குறித்த இடத்தில் கலீல் மார்பளவு தண்ணீரில் நின்று அதைப் பிடித்துக்கொள்வது என்று தீர்மானமானது. மதிப்பீட்டாளர் வரும்வரை, பள்ளிவிட்ட நேரமெல்லாம் அவன் குளத்தில்தான் நின்றான். மீன்கொத்தி சில சமயம் அவன் தலையில் உட்காரும்.

மற்ற நால்வரும் கரையில் காவல் இருந்தார்கள். ஒருநாள் சௌந்தரபாண்டியன் ஸ்கூட்டரில் போகிறபோக்கில் ஒரு காலித் தண்ணீர்ப் புட்டியைக் குளத்தில் வீசினார். திருமேனி வேட்டியை மடித்துக்கொண்டு பாய்ந்து, அதை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரின் பின்னால் ஓடினார்.

"மச்சான், நில்லுங்க! இது பட்டியல்ல இல்ல!"

"எதுய்யா மாப்பிள்ளை?"

"முந்நூத்திப் பதினேழுதான் இருக்கணும். இது முந்நூத்திப் பதினெட்டு. வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருங்க. என் நார்வே பயணத்துல கை வெச்சுராதீங்க."

"நார்வேயா? நீயா?" என்று சௌந்தரபாண்டியன் கைப்பிடியை விட்டுவிட்டுச் சிரித்தார். ஆனால் புட்டியை வாங்கிக்கொண்டார். அவருக்கே அந்தக் கதி என்று தெரிந்ததும், ஊரில் மற்றவர்களும் குளத்தருகே வரும்போது கையிலிருப்பதை மடியில் செருகிக்கொண்டு நடந்தார்கள்.

மன்றத்தின் மதிப்பீட்டாளர் பத்மாசனி சென்னையிலிருந்து வந்தார். கரையில் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டார். குளம் முழுக்கக் குப்பை. நடுவில் ஒரு பையன், தலையில் ஒரு பறவையுடன்.

"அந்தப் பையன் ஏன் அங்க நிக்கிறான்?"

"அவர் தலைவர் மேடம்" என்றாள் சுடர்க்கொடி. "தொண்ணூத்தி நாலைப் புடிச்சிட்டிருக்கார்."

பத்மாசனி படித்தவர். படித்தவர்கள் புரியாததைக் கண்டால் உடனே ஆவணத்தைக் கேட்பார்கள். வரைபடத்தைக் கொடுத்தார்கள். அவர் அதையும் குளத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு செருப்பைச் சோதித்தார்; வடமேற்கைப் பார்த்தது. வாளியைச் சோதித்தார், அடி இல்லை. முகம் மெல்ல மலர்ந்தது.

"மத்த பள்ளிக்கூடமெல்லாம் எல்லாத்தையும் கூட்டித் தள்ளிட்டு, எண்ண ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. எங்களுக்கு வேண்டியது கணக்கெடுப்பு. நீங்க திசைகூடப் போட்டிருக்கீங்க! அதோட வரைபடம் போட்ட இந்த மூணு வாரத்துல புதுசா ஒரு குப்பைகூட விழலையே, எப்படி?"

"விழுந்துச்சு மேடம்," என்றார் திருமேனி அடக்கமாக, "உரியவங்ககிட்ட ஒப்படைச்சிட்டோம்."

பத்மாசனி அங்கேயே கைகுலுக்கினார். "பிரமாதம்! இனிமே நீங்க இதையெல்லாம் எடுத்துடலாம்."

கரையில் நின்ற நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எழுத்துல குடுங்க மேடம்" என்றாள் பிலோமினா. "திருப்பி வெக்கணுமா வேண்டாமான்னும் சேத்து எழுதிருங்க."

ஒரு மாதத்தில் நார்வேயிலிருந்து கடிதம் வந்தது. நார்த்தம்பட்டி குழு தேர்வாகிவிட்டது. பயணச்சீட்டு எடுக்க ஐந்து பேரின் விவரமும் உடனே வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். திருமேனி அன்று சௌந்தரபாண்டியன் வீட்டு வழியாக நான்கு முறை நடந்தார். நான்கு முறையும் அண்ணாந்து பார்க்கவில்லை.

மீதி விதிகளையும் மளமளவென்று முடித்தார்கள். நாற்பத்தொன்றாம் விதி, மதிப்பீட்டாளருக்கு நன்றிக் கடிதம் எழுதுவது. எழுதித் தபாலில் போட்டுவிட்டு வந்து, திருமேனி கையேட்டைத் தாமே புரட்டினார். கடைசிப் பக்கத்தில் அவர் கண் நின்றது. கையேட்டை மூடி அதன்மேல் உட்கார்ந்தார்.

"அவ்வளவுதாம்ப்பா. முடிஞ்சிருச்சு."

"நாப்பத்திரண்டு விதின்னு அட்டைல போட்டிருக்கே சார்" என்றாள் பிலோமினா.

"அச்சுப்பிழையா இருக்கும்."

எட்டுக் கண்கள் அவரையே பார்த்தன. அந்த நான்கு பேரும் தலைவர்கள். அவரும் தலைவர். ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்தார், முடியவில்லை. எழுந்து கையேட்டை நீட்டினார்.

சுடர்க்கொடி படித்தாள்: "விமானங்கள் வளிமண்டலத்தை மாசுபடுத்துகின்றன. மன்றத்தின் பயணங்களுக்கு, நெடுந்தூரமாயினும், சைக்கிளையே பயன்படுத்தவும்."

திருமேனி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். குரங்குக் குல்லாயை நினைத்தாரோ, பந்தியை நினைத்தாரோ, தோள்கள் குலுங்கின.

"அழாதீங்க சார்" என்று கலீல் சுவரிலிருந்த உலக வரைபடத்தின் முன் போய் நின்றான். "நார்வே எங்க இருக்குன்னு பாப்போம். இதோ, மேல. உச்சில இருக்கு."

"நாம?" என்றாள் பிலோமினா.

"கீழ. ரொம்பக் கீழ."

"அடேயப்பா, முழுக்க மேடுல்ல!" என்றாள் பிலோமினா. "எப்படி மிதிக்கிறது?"

வேம்பரசன் சிரித்தான். "போறப்பதான் மேடு. வர்றப்ப யோசிச்சியா? ஒரு மிதி மிதிக்க வேண்டாம். நார்வேல ஏறி உக்காந்தா நார்த்தம்பட்டிலதான் வந்து நிக்கும்."

திருமேனி மெல்லத் திரும்பினார். வரைபடத்தின் உச்சியில் விரலை வைத்துக் கீழே வழித்துக்கொண்டு வந்தார். விரல் தங்குதடையின்றி வந்தது. மேலேயிருந்து ஊரைப் பார்க்கலாம். வரும் வழி நெடுக, பார்த்துக்கொண்டே வரலாம்.

மறுநாள் ஐந்து சைக்கிளுக்கும் புதுப் பிரேக் கட்டை மாட்டினார்கள். புறப்படுவதற்கு முன் திருமேனி குல்லாயை மாட்டிக்கொண்டு பெரிய தெருவுக்குப் போனார். சௌந்தரபாண்டியன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"மச்சான், உங்ககிட்ட ஒரு வார்த்தை. நாங்க திரும்பி வர்றப்ப மட்டும் வாசல்ல நாற்காலி போடாதீங்க. நெல்லு காயவெச்சிருந்தாலும் அள்ளிருங்க. நார்வேல இருந்து ஒரே இறக்கம். பிரேக் புடிச்சாலும் உங்க வீட்டுக்கிட்ட நிக்கிறது சந்தேகம்."

சௌந்தரபாண்டியன் வாய்விட்டுச் சிரிக்கத் தொடங்கினார். பிறகு எழுந்து உள்ளே போய், மகளின் புவியியல் புத்தகத்தைத் திறந்தார். நார்வேயைத் தேடினார். அங்கிருந்து விரலை வைத்து இறக்கினார். அது நேராக அவர் வாசலுக்கு வந்தது. அப்படியே குவைத்தையும் பார்த்தார். சிரிப்பு அடங்கிவிட்டது.

"அடி ஆத்தி," என்று மனைவியைக் கூப்பிட்டார், "குவைத்தும் மேலதான் இருக்கு! போறப்ப பிளேன் ஏன் அம்புட்டு நேரம் திணறுச்சுன்னு இப்பல்ல தெரியுது!"

ஐந்து சைக்கிள்களும் ஊர் எல்லையைத் தாண்டும் முன்பே, அவர் கொத்தனாரை அழைத்து வந்து, வீட்டுக்கு வடக்கே, தெருவை அடைத்து, இடுப்பளவு உயரத்துக்கு ஒரு வேகத்தடை கட்டச் சொல்லிவிட்டார்.