வரலாற்றுத் துறையின் ஐந்தாவது ஆசிரியர்

ஆவணி மாதத்துத் திங்கட்கிழமை, காலை பத்து மணி பதினேழு நிமிடம். வானம் மூடியிருந்தது, மழையும் வரவில்லை, வெயிலும் வரவில்லை, புழுக்கம் மட்டும் வந்திருந்தது. அந்த நேரத்தில்தான் ஊற்றுப்பாறைக் கலைக் கல்லூரியின் வரலாற்றுத் துறைக்கு அந்தக் கடிதம் வந்து சேர்ந்தது. துறைத் தலைவர் பரிபூரணம் அதை மூன்று முறை படித்தார். மூன்று முறையும் அதில் ஒரே செய்திதான் இருந்தது.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு ஆய்வுக் குழு வருகிறது. ஐந்து ஆசிரியர்கள் இல்லாத துறையும், திரையில் சிலைடு காட்டிப் பாடம் நடத்தாத துறையும் வணிகவியலோடு இணைக்கப்படும்.

வரலாற்றுத் துறையில் நான்கு பேர்தான் இருந்தார்கள். நால்வரில் ஒருவரும் சிலைடு காட்டியதில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தனி அறையில் அமர்ந்து பழகிய பரிபூரணத்துக்கு, வணிகவியல் தலைவர் சிங்காரத்தின் அறையில், அவருடைய சாப்பாட்டுக் கூடைக்குப் பக்கத்தில் போடப்படப்போகும் நாற்காலி கண்முன் வந்து நின்றது.

அவர் உடனே துறைக் கூட்டத்தைக் கூட்டினார். அதாவது, தலையை நிமிர்த்தினார். மற்ற மூவரும் எதிரேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

"சிலைடு காட்டுற மென்பொருள்ல ரெண்டு நல்லா இருக்காம், மேடம். ஒண்ணு சிறகு, இன்னொண்ணு படிக்கட்டு," என்றார் மீரான் கனி. துறையில் கணினி அறிந்தவர் அவர்தான். அவருடைய மகளிடம் மடிக்கணினி ஒன்று இருந்தது.

"ரெண்டுல எதை வாங்கலாம்?"

"வாங்குறதாவது," என்றார் தேவசகாயம். கல்லூரி விதிப்புத்தகத்தை அட்டையோடு மனப்பாடம் செய்தவர் அவர். "அது வகுப்புல பாடம் எடுக்குமா, எடுக்காதா?"

"எடுக்கும்."

"பாடம் எடுக்கிறவர் யாரு?"

"ஆசிரியர்."

"அப்ப அதை எப்படி வாங்க முடியும்? நேர்முகத் தேர்வு வெச்சு வேலைக்குத்தான் எடுக்கணும்."

பரிபூரணம் விரல்விட்டு எண்ணினார். நான்கும் ஒன்றும் ஐந்து. எதற்கும் இருக்கட்டும் என்று சுண்டுவிரலிலிருந்து எண்ணிப் பார்த்தார். அப்போதும் ஐந்துதான் வந்தது.

பிற்பகல் இரண்டு மணிக்கு நேர்முகத் தேர்வு நடந்தது. மீரான் கனி மகளிடம் வாங்கி வந்த மடிக்கணினியை நாற்காலியில் அமர்த்தி, தேர்வுக் குழுவின் முகம் தெரியட்டும் என்று அடியில் இரண்டு தலையணைகள் வைத்தார்கள். துறையில் இளையவரான சடகோபன், வழக்கப்படி வந்தவருக்குத் தேநீர் வைத்தார். முதலில் சிறகைத் திறந்தார்கள்.

"முதல் பானிபட் போர் எந்த வருஷம்?" என்று கேட்டார் பரிபூரணம்.

சிறகு வாய் திறக்கவில்லை.

"பதறாதீங்க. டீ குடிச்சிட்டு நிதானமாச் சொல்லுங்க."

டீ ஆறிற்று. பரிபூரணம் தேவசகாயத்தின் பக்கம் சாய்ந்தார். "தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லலை, பாத்தீங்களா? போன தடவை வந்தவர் கால் மணி நேரம் உளறினார்."

அடுத்து படிக்கட்டைத் திறந்தார்கள். திறந்ததுமே அது, உங்கள் பெயர் என்ன, கடவுச்சொல் என்ன என்று கேட்டது.

"கேள்வி கேக்க வேண்டியவங்க நாமளா, இவரா?" என்றார் தேவசகாயம். படிக்கட்டு காத்திருப்போர் பட்டியலுக்குப் போயிற்று. சிறகின் பணி நியமன ஆணையைத் தட்டச்சு செய்து மடிக்கணினியின் முதுகில் ஒட்டினார்கள். வருகைப் பதிவேட்டில் ஐந்தாவதாகப் பெயர் எழுதி, 'இவர் கையொப்பமிட இயலாதவர்' என்று நால்வரும் சான்றளித்தார்கள்.

சிலைடு செய்வது எப்படி என்று கணினித் துறை ரெஜினா அரைத்தாளில் நான்கு குறிப்புகள் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். அவர் அன்று கொஞ்சம் தாமதித்துப் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒரு சிலைடில் ஆறு வரிக்கு மேல் வேண்டாம் என்பது முதல் குறிப்பு. சடகோபன் மூன்று பானிபட் போர்களையும் மூன்று சிலைடுகளில் எழுதி, ஒவ்வொன்றையும் ஆறாவது வரியில் நிறுத்தினார்.

கடைசி வரிசைக்கும் எழுத்து தெரிய வேண்டும் என்பது இரண்டாவது.

"கடைசி வரிசையையே எடுத்துட்டா?" என்றார் மீரான் கனி.

எடுத்தார்கள். வராந்தாவில் போட்டுவிட்டுத் திரும்பினால், வகுப்பில் இன்னொரு கடைசி வரிசை இருந்தது. அதையும் எடுத்தார்கள். ஐந்து மணிக்கு வகுப்பில் ஒரே ஒரு பெஞ்சு மிஞ்சியது. நால்வரும் அதைச் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"இது முதல் வரிசைதானே?" என்றார் பரிபூரணம், நம்பிக்கையோடு.

"கடைசியும் இதுதான் மேடம்," என்றார் தேவசகாயம், வருத்தத்தோடு.

கடைசியில் பரிபூரணத்துக்கே வழி தோன்றியது. எல்லாப் பெஞ்சுகளையும் உள்ளே கொண்டுவந்து வட்டமாகப் போட்டார்கள். வட்டத்துக்குக் கடைசி கிடையாது. பாதி மாணவர்களின் முதுகு திரையைப் பார்த்திருக்குமே என்று சடகோபன் இழுத்தார். முதுகைப் பற்றிக் குறிப்பில் ஒன்றும் இல்லை என்று தேவசகாயம் தாளைக் காட்டினார்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு ஆய்வுக் குழுவின் தலைவர் பலவேசம் வந்து வட்டத்தில் அமர்ந்தார். ஜன்னல்களெல்லாம் சாத்தியிருந்தன, மின்விசிறி நின்றிருந்தது. எழுத்துகள் பறந்து வரும், அளவோடு பயன்படுத்துங்கள் என்பது மூன்றாவது குறிப்பு. அளவோடு பறக்கிற எழுத்து காற்றில் வெளியே போய்விட்டால் பதினொன்றரைக்குள் எங்கே போய்ப் பிடிப்பது?

பரிபூரணம் முதல் சிலைடைப் போட்டார். சிலைடில் இருப்பதை வாசிக்காதீர்கள் என்பது நான்காவது குறிப்பு. ஆகவே அவர் கைகட்டி நின்றார். அறுபது மாணவர்களுக்கும் வியர்த்தது. ஆறு நிமிடம் கழித்து இரண்டாவது சிலைடைப் போட்டு, மறுபடி கைகட்டினார்.

மூன்றாவது முடிந்ததும் ஒரு மாணவி எழுந்தாள். "மேடம், யாரு ஜெயிச்சா?"

"அது ஏழாவது வரிம்மா. உக்காரு."

பலவேசம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். பரிபூரணத்துக்குச் சிங்காரத்தின் சாப்பாட்டுக் கூடையின் வாசனையே வந்துவிட்டது.

"மூணு போர் நடந்திருக்கு. ஒருத்தரும் ஜெயிக்கலை," என்றார் பலவேசம் மெதுவாக. "அமைதியை இவ்வளவு அமைதியாச் சொல்லிக்கொடுத்து நான் பாத்ததில்லை. சரி, பதிவேட்டுல அஞ்சு பேர் இருக்கு. நாலு பேர்தான் நிக்கிறீங்க. அஞ்சாவது ஆள் எங்கே?"

"அதோ, மேஜை மேல இருக்கார்," என்றார் பரிபூரணம்.

பலவேசம் எழுந்து போய், நியமன ஆணையை மேலிருந்து கீழாகப் படித்தார். முத்திரையைத் தடவிப் பார்த்தார். பிறகு மடிக்கணினிக்கு ஒரு வணக்கம் வைத்தார். "முப்பது வருஷமா ஆய்வுக்குப் போறேன். வகுப்பு நடக்கும்போது செல்போன் பாக்காத ஆசிரியரை இன்னைக்குத்தான் பாக்கிறேன்," என்று சொல்லி, ஆசிரியர் எண்ணிக்கை ஐந்து, துறை தொடரலாம் என்று எழுதிக் கையொப்பமிட்டார்.

புதன்கிழமை காலை. பலவேசம் தம் வீட்டு நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக் காப்பி குடித்தார். சிங்காரம் தம் துறையின் கால்குலேட்டரை நேர்முகத் தேர்வுக்கு அழைத்துக் கடிதம் அனுப்பினார். எல்லாவற்றையும் கேள்விப்பட்ட ரெஜினா நான்கு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தார்.

வரலாற்றுத் துறையில் மீரான் கனி மடிக்கணினியைத் திறந்தபோது, 'சிறகு புதுப்பிக்கப்படுகிறது, பன்னிரண்டு விழுக்காடு, அணைக்க வேண்டாம்' என்று திரையில் வந்தது.

"பரீட்சை எழுதறார் போலிருக்கு மேடம்," என்றார் சடகோபன் தணிந்த குரலில்.

தேவசகாயம் கண்காணிப்பாளராக வாசலில் நின்றார். சிறகு பார்த்து எழுதிவிடக் கூடாதென்று மீரான் கனி திரையில் படிக்கட்டின் படத்தின் மேல் ஒரு தாளை ஒட்டினார். இருபது ஆயிற்று, முப்பது ஆயிற்று. முப்பத்தொன்பதில் வந்து நின்றுவிட்டது. கால் மணி நேரம் அசையவில்லை.

தேர்ச்சிக்கு நாற்பது வேண்டும். ஐந்தாவது ஆசிரியர் தோற்றால் துறை என்ன ஆகும்? பரிபூரணம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு பிள்ளையையும் அவர் முப்பத்தொன்பதில் விட்டதில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து, திரையிலேயே ஒரு கருணை மதிப்பெண் போட்டு, நாற்பது என்று எழுதிச் சுழித்தார்.

"பாஸானவரை எதுக்கு இன்னும் உக்கார வெக்கணும்?" என்று சொல்லிக் கணினியை அணைத்தார்.

சடகோபன் எல்லோருக்கும் கடலை மிட்டாய் கொடுத்தார். பிறகு ஒன்றைச் சின்னதாக ஒடித்து, மடிக்கணினியின் பக்கவாட்டில் வாய் போலத் திறந்திருந்த துளையில் வைத்து, உள்ளே போகும்வரை பொறுமையாக ஊட்டினார்.