டப்பாவில் போடாத பெயர்

லேயாளின் பெயரை டப்பாவில் போடவில்லை. அவளுக்கு நடந்த அநியாயம் அவ்வளவுதான்.

இரக்கப்பட்டுத்தான் செய்தார்கள். அதனால் அதை அநியாயம் என்று சொல்ல ஒருத்திக்கும் வாய் வரவில்லை. லேயாளுக்கும் வரவில்லை.

அந்தச் சபையின் பெண்கள் சங்கத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. டிசம்பர் முதல் சனிக்கிழமை எல்லாருடைய பெயரையும் சீட்டில் எழுதி, பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்குவார்கள். ஆளுக்கொரு சீட்டு. யார் பெயர் வருகிறதோ அவளுக்கு இவள் கிறிஸ்துமஸ் தோழி. வெளியே மூச்சு விடக் கூடாது. கிறிஸ்துமஸ் வரைக்கும் அந்தப் பெயரைச் சொல்லி ரகசியமாக ஜெபிக்க வேண்டும். பண்டிகைக்கு முந்திய சனிக்கிழமை எல்லார் முன்னாலும் பரிசைக் கொடுத்து, “நான்தான் உன் தோழி” என்று கட்டிக்கொள்ள வேண்டும்.

இந்த வருஷம் கமிட்டி கூடி, பரிசு முந்நூறு ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று தீர்மானம் போட்டது. போன வருஷம் யாரோ சோப்பு டப்பா கொடுத்துவிட்டார்களாம்.

லேயாள் பீடி சுற்றுகிறவள். புருஷன் லாரி கிளீனர். ஐப்பசியில் கால் முறிந்து கட்டிலில் கிடக்கிறான். பெண் பிள்ளைகள் இரண்டு. முந்நூறு ரூபாய்க்கு அவள் விரல்கள் இரண்டு நாள் ஓட வேண்டும்.

சங்கத்தின் செயலாளர் எமிலி டீச்சர் இதையெல்லாம் யோசித்தார். டப்பாவைக் குலுக்குவதற்கு முன்னால் லேயாள் பெயரெழுதிய சீட்டைத் தானே வெளியே எடுத்துவிட்டார்.

டப்பா வரிசையாக வந்தது. லேயாள் கையை நீட்டினாள். டப்பா அவளைத் தாண்டிப் போனது.

“உனக்கு எதுக்கும்மா இந்தச் சிரமம்? உனக்கு நாங்க எல்லாரும் சேர்ந்து செய்றோம்,” என்றார் எமிலி டீச்சர். ஒரு சேலை, பத்துக் கிலோ அரிசி, ஒரு கேக்.

பெண்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருத்தி கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள்.

லேயாள் நீட்டிய கையால் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். டீ வருவதற்குள் போய்விட்டாள். வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய சேலை மறுநாளே திரும்பி வந்தது. அடுத்த சனிக்கிழமை அவள் கூட்டத்துக்கு வரவில்லை.

சனிக்கிழமைதோறும் அந்தப் பெண்களுக்கு வேதபாடம் நடத்துகிறவள் சலோமி. வயது முப்பத்துநான்கு. தனி ஆள். எமிலி டீச்சர் முப்பத்தாறு வருஷம் பள்ளிக்கூடத்தில் பிரம்பு பிடித்தவர். ஓய்வு பெற்றபின், மகள் வயதுள்ள இவள் முன்னால் தரையில் உட்கார்ந்து பாடம் கேட்கிறார். ஊர் சிரித்துப் பார்த்தது. அவர் எழுந்திருக்கவில்லை. குருவும் சிஷ்யையை டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள்.

அன்று பாடம் முடிந்ததும் எமிலி டீச்சர் போகவில்லை.

“சிஸ்டர், நீங்களே சொல்லுங்க. நான் செஞ்சதுல என்ன தப்பு?”

போன வருஷத்துக் கிறிஸ்துமஸ் ஸ்டாரில் கிழிந்த இடத்துக்குச் சலோமி கலர் தாள் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“தப்புன்னு யார் சொன்னா, டீச்சர்?”

“யாரும் சொல்லல. சேலையைத் திருப்பி அனுப்பிட்டாளே! அவ்வளவு ரோஷமா?”

“என்ன கலரு?”

“மெரூன். நானே கடைக்குப் போய் பார்த்துப் பார்த்து எடுத்தேன்.”

“நல்லாத்தான் இருந்திருக்கும்.”

“அதைத்தான் நானும் கேக்கேன்! முந்நூறு ரூபாய்க்கு அவ எங்க போவா? பிள்ளைகளுக்குத் துணி எடுக்க வச்சிருக்கிறதுல கையை வைப்பா. அதைத் தடுத்தது பாவமா?”

“தொகையைக் குறைச்சிருக்கலாமே.”

“அது கமிட்டி தீர்மானம்.”

“சீட்டை எடுத்தது?”

“அது… நானா செஞ்சது.”

சலோமி கையிலிருந்த பசையைத் துடைத்தாள். செருப்பை மாட்டினாள். “வாங்க டீச்சர், லேயாக்கா வீட்டுக்குப் போயிட்டு வருவோம்.”

லேயாள் மடியில் சுளகை வைத்து, இலையில் தூளைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பிள்ளைகளின் போன வருஷத்துப் பாவாடைகள் இரண்டு. நீளம் போதாததற்கு அடியில் புது லேஸ் பாதி தைத்தபடி கிடந்தது.

“யாரு, எமிலி டீச்சர் சத்தமா?” உள்ளே கட்டிலிலிருந்து புருஷன் குரல் கொடுத்தான். “அஞ்சாப்புல நான் எழுதாத வீட்டுப்பாடத்துக்கு இப்ப வந்திருக்காங்களா?”

“கால் நல்லாகட்டும், அப்புறம் முட்டி போட வைக்கேன்,” என்றார் டீச்சர்.

லேயாள் எழுந்துபோய் இரண்டு டம்ளரில் கடுங்காப்பி கொண்டுவந்தாள்.

“ஐயோ, எனக்கு வேண்டாம்மா. உனக்கு எதுக்குச் சிரமம்? நான் குடிச்சிட்டுத்தான் வந்தேன்.”

டம்ளர் லேயாளின் கையிலேயே நின்றது. சலோமி தன்னுடையதைக் குடித்து முடித்தாள். பிறகு எட்டி, டீச்சருடையதையும் வாங்கிக் குடித்தாள்.

“இன்னும் இருக்கா, லேயாக்கா?”

லேயாள் அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். “சட்டியில அரை டம்ளர் கிடக்கும்,” என்று சொல்லி அதையும் கொண்டுவந்தாள்.

எமிலி டீச்சர் தொண்டையைச் செருமினார். “உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன், லேயா. மனசுல வச்சுக்காத.”

“தெரியும், டீச்சர்.”

“பின்னே ஏன் இன்னைக்கு வரல?”

லேயாள் ஒரு பீடியைச் சுற்றி, நூல் கட்டி, கீழே வைத்தாள்.

“வந்து என்ன செய்ய, டீச்சர்? எல்லாரும் கண்ணை மூடி அவங்கவங்க தோழிக்கு ஜெபம் பண்ணுவாங்க. நான் யார் பேரைச் சொல்ல? ஜெபத்துக்குமா முந்நூறு ரூபாய்?”

எமிலி டீச்சரிடம் எதற்கும் ஒரு பதில் இருக்கும். இப்போதும் வாயைத் திறந்தார்.

சலோமி டம்ளரைக் கீழே வைத்தாள்.

“லேயாக்கா, எனக்கு ஒரு பரிசு வேணும்.”

“என்ன சிஸ்டர்?”

“கிறிஸ்துமஸ் பரிசு. பாடம் நடத்துறவளுக்குச் சீட்டு கிடையாதாம். என் பேரையும் டப்பாவுல போடுறதில்ல. மூணு வருஷமா எல்லாரும் கட்டிக்கிறதை ஓரமா நின்னு பார்க்கேன். இந்த வருஷம் நீங்க எனக்குத் தோழியா இருங்க.”

“சிஸ்டர்!” எமிலி டீச்சர் அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

லேயாள் டீச்சரைப் பார்க்கவில்லை. “என்ன வேணும்னு சொல்லுங்க.”

“சொல்லி வாங்கினா அது பரிசா?”

“எவ்வளவுக்கு?”

“அது தோழி பாடு.”

லேயாள் சுளகை இறக்கி வைத்தாள். மடியில் ஒட்டியிருந்த தூளைத் தட்டிவிட்டாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“சரி. ஆனா நான் யோசிக்கணும். என்னை அவசரப்படுத்தக் கூடாது, சொல்லிட்டேன்.”

தெருமுனை வரைக்கும்தான் எமிலி டீச்சரால் பொறுக்க முடிந்தது.

“அரிசிக்கே இழுபறியா இருக்கிற வீட்டுல போய் கையேந்திட்டு வர்றீங்களே, இது நியாயமா?”

“கை நீட்டினா தப்பா, டீச்சர்?”

“இல்லாதவங்ககிட்ட நீட்டினா தப்புதான்!”

“என்ன இல்லாதவங்க?”

பட்டியல் போட டீச்சர் விரலை மடக்கினார். ஒரு விரல் மடங்கியது. வீடு வந்து சேரும்வரை அடுத்தது மடங்கவில்லை.

பண்டிகைக்கு முந்திய சனிக்கிழமை லேயாள் வந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். கை வெறுமையாக இருந்தது. பார்க்காதது போல எல்லாரும் அந்தக் கையைத்தான் பார்த்தார்கள்.

எமிலி டீச்சர் பெயர்களை வாசித்தார். ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள், பிரித்தார்கள், கட்டிக்கொண்டார்கள். ஃபிளாஸ்க் வந்தது. சுவர்க் கடிகாரம் வந்தது. ஹாட் பாக்ஸ் மட்டும் ஐந்து வந்தது.

“இத்தனை ஹாட் பாக்ஸுக்கும் சோறு எங்க இருக்கு?” என்று ஒருத்தி கேட்க, சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது.

பட்டியல் முடிந்தது. டீச்சர் தாளை மடித்தார்.

“என் தோழி இன்னும் எந்திரிக்கல,” என்றாள் சலோமி.

லேயாள் எழுந்தாள்.

“நான்தான் சிஸ்டர் உங்க தோழி. கையில ஒண்ணும் கொண்டுவரல. சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். கிறிஸ்துமஸ் அன்னைக்கு மத்தியானம் நீங்க எங்க வீட்டுலதான் சாப்பிடணும்.”

“அட, இவ்வளவுதானா?” என்று முன்வரிசையில் ஒரு குரல் கேட்டது.

லேயாள் அந்தப் பக்கம் திரும்பினாள். “இவ்வளவுதான். போன வருஷம் கிறிஸ்துமஸ் அன்னைக்குப் பலகாரத் தட்டோட சிஸ்டர் வீட்டுக்குப் போனேன். மணி ரெண்டு இருக்கும். தெரு முழுக்க பிரியாணி வாசனை. சிஸ்டர் காலையில கிண்டின உப்புமாவைத் தனியா வச்சுத் தின்னுக்கிட்டிருந்தாங்க. என்னைக் கண்டதும் தட்டை மூடிட்டாங்க.”

பெண்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

“சிஸ்டருக்குச் சாப்பாடு எமிலி டீச்சர் வீட்டுலன்னுல்ல நினைச்சேன்?” என்றார் பாஸ்டரம்மா.

“நான் உங்க வீட்டுலன்னு…” என்றார் எமிலி டீச்சர்.

“நான் ரெண்டு பேர் வீட்டுலயும்னு நினைச்சேன்,” என்றாள் இன்னொருத்தி. யாரும் சிரிக்கவில்லை. மூன்று வருஷமாக நினைத்திருக்கிறார்கள்.

லேயாள் சலோமியைப் பார்த்துச் சொன்னாள்.

“ரெண்டு வாரமா உங்க பேரைச் சொல்லி ஜெபம் பண்ணுதேன், சிஸ்டர். கண்ணை மூடினா அந்தத் தட்டுதான் வந்து நின்னுது. எங்க வீட்டுல அன்னைக்குக் கறி கிடையாது. கருவாட்டுக் குழம்பு, அவிச்ச முட்டை, ரசம். உங்க பக்கத்துல யார் உக்காரன்னு பிள்ளைகள் இப்பவே அடிச்சுக்குது.”

சலோமி அத்தனை பேரையும் தாண்டிக் கடைசி வரிசைக்கு வந்தாள். லேயாளைக் கட்டிக்கொண்டாள். மற்றவர்கள் கட்டிக்கொண்டதைவிடக் கொஞ்சம் அதிக நேரம்.

எமிலி டீச்சரின் கண் கலங்கியிருந்தது. கலங்கினால் அவருக்குச் சும்மா இருக்க முடியாது.

“லேயா, நீ ஒண்ணும் யோசிக்காத. அன்னைக்கு ரெண்டு கிலோ கறி நான் எடுத்து அனுப்புறேன். நல்ல அரிசியும்…”

லேயாளின் முகம் மாறியது. கை மறுபடி முந்தானைக்குப் போனது. ஆனால் அவள் போகவில்லை.

“டீச்சர், கறி நீங்க அனுப்பினா அது உங்க வீட்டுச் சாப்பாடு. அப்புறம் நான் சிஸ்டருக்கு என்னத்தைக் குடுத்தேன்?”

எமிலி டீச்சர் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொல்ல ஆளில்லாத பிள்ளையைப் போல. பிறகு தானாகவே உட்கார்ந்தார்.

“உன் சீட்டை நான் எடுத்திருக்கக் கூடாது,” என்றார். குரல் லேயாளுக்கு மட்டும்தான் எட்டியது.

லேயாள் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“நீங்களும் வாங்க, டீச்சர். துபாய்லேருந்து உங்க மகன் இந்த வருஷம் வரலைன்னு கேள்விப்பட்டேன். தனியா என்னத்தைப் பொங்கி, என்னத்தைச் சாப்பிட?”

“நானா? வெறுங்கையோட எப்படி வர?” டீச்சர் உண்மையாகவே பதறிப்போனார். சலோமியைப் பார்த்தார். “சிஸ்டர், நீங்களே சொல்லுங்க. நான் அங்க என்னத்தைக் கொண்டுட்டுப் போக?”

“பசியோட வாங்க, டீச்சர்.”