கரிச்சான் வீட்டுக்குக் கொண்டுபோன பாட்டு

பறவைகள் எல்லாம் ஒரே மொழி பேசிய அந்தக் காலத்தில், மேற்கு மலை அருவி ஒன்றின் அருகே ஒரு பூங்குருவி இருந்தாள். விடியற்காலையில் பாறைமேல் நின்று பாடுவாள். அருவி இரைச்சலில் அது தூரத்துக்குக் கேட்காது. கேட்க வேண்டுமானால் பாறைக்குத்தான் வர வேண்டும். வருகிறவர்கள் புழுவோ பழமோ கொண்டுவந்து வைப்பார்கள். அவள் இரை தேடப் போனதே இல்லை. பாட்டுதான் அவளுக்குச் சோறு.

அதனால் ஒரு கட்டளை போட்டிருந்தாள். இங்கே கேட்ட பாட்டை யாரும் வீட்டில் போய்ப் பாடக் கூடாது. தவிட்டுக்குருவிகள் கூட்டம் கூட்டமாக மரம் மரமாய்ப் போய் ஒட்டுக்கேட்டு அதைக் காவல் காத்தன.

கரிச்சானும் அவன் மனைவியும் ஒருநாளும் தவறாமல் வந்துகொண்டிருந்தார்கள். ஒரு மழைக்காலத்தில் வல்லூறு அடித்து மனைவியின் சிறகு ஒடிந்தது. உயிர் பிழைத்தாள், பறக்கத்தான் முடியவில்லை. கிளையைவிட்டு நகராமல், இரையும் சரியாக எடுக்காமல் கிடந்தாள்.

"பாறைக்குப் போய் வந்தீர்களா? இன்றைக்கு என்ன பாடினாள்?" என்று ஒரு மாலை கேட்டாள்.

வாயால் சொல்லிப் பார்த்தான். சொல்லில் அது வரவில்லை. காதில் விழுந்தது அப்படியே தங்கிவிடும் தொண்டை அவனுக்கு. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெல்லப் பாடினான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அன்று அவன் கொடுத்த பூச்சியைத் தின்றாள்.

அதன் பிறகு தினமும் பாடினான். தினமும் பாடினால் எத்தனை நாள் மறைக்க முடியும்? தவிட்டுக்குருவிகள் அவனைப் பாறைக்கு இழுத்துப் போயின.

"என் பாட்டைத் திருடினாயா?" என்றாள் பூங்குருவி.

"திருடவில்லை அம்மா. கேட்க வந்த நாளெல்லாம் பழம் வைத்துத்தான் கேட்டேன். என் மனைவியால் வர முடியாது. அவளுக்கு மட்டும் பாடினேன்."

"இன்று உன் மனைவிக்கு. நாளை பக்கத்து மரத்துக்கு. அப்புறம் பாறைக்கு யார் வருவார்கள்? நான் எதைத் தின்பேன்?"

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. அது கரிச்சானுக்கும் புரிந்தது. தலை குனிந்தான்.

"இனிமேல் பாட மாட்டேன் என்று சொல். விட்டுவிடுகிறேன்."

"பக்கத்து மரத்துக்குப் பாட மாட்டேன். கூட்டம் சேர்த்துப் பாட மாட்டேன். அவளுக்குப் பாட மாட்டேன் என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது."

பூங்குருவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தவிட்டுக்குருவிகள் அவன் வாலின் நீண்ட இரண்டு இறகுகளைப் பிடித்து, அடியிலிருந்து தூவியை உரிக்கத் தொடங்கின. பல்லைக் கடிப்பதுபோல் அலகை இறுக்கிக்கொண்டு பொறுத்தான். நுனியை நெருங்கும்போது தாங்க முடியவில்லை. வாய் திறந்தது. வந்தது அவன் குரல் இல்லை. பூங்குருவியின் குரலில் கதறினான்.

தன் குரல் வலியில் அலறுவதை அவள் அதுவரை கேட்டதில்லை.

"நிறுத்துங்கள்!" என்று கத்தினாள். தவிட்டுக்குருவிகள் அலகை எடுத்தன. பிறகு, "போ. உன் வீட்டில் பாடிக்கொள். என் பாறையில் மட்டும் பாடாதே" என்றாள்.

மொட்டைக் காம்பில் நுனித் தூவி மட்டும் ஆட, அவன் வீடு திரும்பினான். அவன் வாலைப் பார்த்து மனைவி அழுதாள். அவன் பாடினான். பூங்குருவியே விட்டுவிட்ட பிறகு மற்ற பறவைகளும் தடுக்கவில்லை. குக்குறுவான் கூவியது, மைனா பேசியது, வல்லூறு கத்தியது, எல்லாவற்றையும் அவளுக்குக் கொண்டுவந்தான். காட்டைப் பார்க்க முடியாதவள் கிளையில் இருந்தபடியே காட்டைக் கேட்டாள்.

அடுத்த மழைக்கு முன் அவள் இறந்துபோனாள். அவன் பாடுவதை நிறுத்தவில்லை. ஒருநாள் அந்த வழியே வந்த பூங்குருவி எதிர்மரத்தில் உட்கார்ந்து, தன் பாட்டைக் கடைசிவரை கேட்டுவிட்டு, ஒரு புழுவைக் கிளையில் வைத்துவிட்டுப் போனாள்.

அன்று முதல்தான் துடுப்புவால் கரிச்சானின் நீண்ட இரண்டு வால் இறகுகள் நடுவில் வெறும் காம்பாகவும் நுனியில் துடுப்பாகவும் இருக்கின்றன. பாறைக்கு வர முடியாத யாரோ ஒருத்திக்காக, அவன் வம்சம் இன்னும் காட்டின் குரல்களையெல்லாம் தன் மரத்தில் பாடிக்கொண்டிருக்கிறது.